மடிக் கொடியில் ஒரு ஒயர்

என் வீட்டு வாசலை முன் பிளாக்கில் அத்தனை வீடுகளிலும் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலுக்குச் சொந்தக்காரி எனக்குத்தான் பார்க்க வழியில்லை. கேட்கும்போதே கோபம் வருகிறதா? எனக்கும் வந்தது. முதலிலிருந்து சொல்கிறேன்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் குடியிருப்பு ட-னா மாதிரி மடங்கிய ஒரே கட்டடம். தெருவைப் பார்த்தது முன் பிளாக், ஆற்றைப் பார்த்தது பின் பிளாக். மாடிப்படி வேறு வேறு; கார் நிறுத்தும் இடமும் மொட்டைமாடியும் பொது. பின் பிளாக்கில் தரைத்தளத்தில் நானும் என் வீட்டுக்காரர் கரீமுல்லாவும் இருக்கிறோம். அவர் தி. நகரில் லைனிங் துணிக் கடையில் வேலை பார்க்கிறார். நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறேன். சகினா என்றால் மந்தைவெளி வரைக்கும் பெண்களுக்குத் தெரியும். ஒரு ஆளைப் பார்த்தால் முகத்துக்கு முன்னால் தோளைப் பார்ப்பேன். யாருக்கு எந்தத் தோள் இறக்கம், யார் நிமிர்ந்து நிற்பது போல நடிக்கிறார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஊரெல்லாம் குண்டுப் பயம். எங்கள் சங்கத்துக்குச் செயலாளர் ராஜகோபாலன் சார், பேங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், முன் பிளாக் மேல் மாடி. அவருக்கு இடது தோள் இறக்கம். மனிதர் பயத்தையும் ஒரு வேலையாக எடுத்துச் செய்பவர். அவர்தான் பாதுகாப்புக்கென்று கேமரா வைக்க வேண்டும் என்றார். சோப்புப் பெட்டி அளவில் இரண்டு கேமராக்கள் வந்தன. ஒன்று கேட்டையும் கார் நிறுத்தும் இடத்தையும் பார்த்தது. இன்னொன்றைத் தூணில் ஏற்றி நேராக என் வாசலுக்கு வைத்தார்கள்.

"பின் பிளாக்குக்கு நாள் பூரா யார் யாரோ பையோட வரா, பையோட போறா. பையில என்ன இருக்குன்னு நமக்குத் தெரியுமோ?" என்று அவர் கேட்டாராம். பையில் ரவிக்கைத் துணி இருந்தது. அவர் வீட்டு ரவிக்கைத் துணியும் அப்படி ஒரு பையில்தான் என்னிடம் வந்துகொண்டிருந்தது.

இதில் ஒரு கூத்து உண்டு. கேமராப் படத்தை முன் பிளாக்கின் கேபிள் லைனில் காலியாகக் கிடந்த ஒரு சேனலில் விட்டுவிட்டார்கள். அந்த சேனலைத் திருப்பினால் கேட் கொஞ்ச நேரம், என் வாசல் கொஞ்ச நேரம் என்று கறுப்பு வெள்ளையில் மாறி மாறி வரும். எங்கள் பின் பிளாக்கின் கேபிள் வேறு ஆளுடையது. ஆற்றோரக் குடியிருப்பில் இருக்கும் மதிவாணன் இழுத்த லைன் அது. ஒரே கட்டடம்தான், ஆனால் அவர்கள் டிவி வேறு உலகம், எங்கள் டிவி வேறு உலகம். ஆகவே என் வாசல் எனக்குத் தெரியாது.

சொன்னது பாஞ்சாலி. செயலாளர் வீட்டில் பெருக்கித் துடைப்பவள், அவளும் ஆற்றோரக் குடியிருப்புதான். "யக்கா, உன் வூட்டு வாசல் டிவில ஓடிகினு கீதுக்கா. அந்த ஐயரு சேரைப் போட்டுகினு நாள் பூரா பாக்குறாரு. யார் வந்தா, எம்மா நேரம் இருந்தான்னு அல்லாம் சொல்றாரு" என்றாள்.

நான் அன்றைக்கே மேலே போய்க் கதவைத் தட்டினேன்.

"சார், என் வாசலை எல்லாரும் பாக்குறாங்களாமே. நானும் பாக்கணும்."

"அது செக்யூரிட்டிக்காக வெச்சிருக்கும்மா."

"எனக்கும் செக்யூரிட்டி வேணும் சார். என் வாசல்ல யார் நிக்கிறாங்கன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

அவர் பொறுமையாகச் சிரித்தார். "உங்க லைன் வேற, எங்க லைன் வேற. ரெண்டையும் சேர்க்க முடியாது. டெக்னிக்கலா முடியாதும்மா."

டெக்னிக்கலா. அந்த வார்த்தையைச் சொல்லிக் கதவைச் சாத்தினார். படியிறங்கும்போது என் காது சுட்டது.

நாள் போகப் போக வாசலில் ஆள் குறைந்தது. அபிராமபுரத்திலிருந்து வரும் டீச்சர் ஒருத்தி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி, "அக்கா, நீங்களே எங்க வீட்டுக்கு வந்து அளவு எடுத்துக்கறீங்களா? உங்க வாசல்ல நின்னா என்னமோ மாதிரி இருக்கு" என்றாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நவராத்திரிக்கு முன்னால் என் மெஷினுக்கு ஓய்வே இருக்காது. அந்த வருஷம் மத்தியானத்தில் தூங்கினேன். தூக்கமா அது, அவமானம்.

அதற்கும் மேல் ஒன்று வந்தது. குடியிருப்புக்குள் யாரும் வீட்டில் தொழில் செய்யக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானம் போடப் போகிறார்கள் என்று வாட்ச்மேன் வந்து சொன்னார். தொழில் என்று பொதுவாகச் சொன்னாலும் குடியிருப்பில் தொழில் செய்பவள் நான் ஒருத்திதான். தீர்மானம் நிறைவேறினால் மெஷினை மூடி வைக்க வேண்டும். மெஷின் நின்றால் எங்கள் அடுப்பு பாதிதான் எரியும்.

"விடு சகினா. இப்ப இருக்கற நேரத்துல நம்ம ஆளுங்க வாயைத் திறந்தா வேற மாதிரி பேசுவாங்க. வேலில போற ஓணானை எடுத்து மடில விட்டுக்காதே" என்றார் கரீமுல்லா.

"ஓணான் ஏற்கெனவே என் வாசல்ல கேமரா வெச்சிட்டு உக்காந்திருக்குங்க. நான் எங்க எடுத்தேன்?" என்றேன். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தொழுகைக்குப் போய்விட்டார். நல்ல மனிதர். சண்டைக்கு மட்டும் ஆக மாட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கோமளம் மாமி வந்தார். செயலாளரின் மனைவி. வந்த வேகத்திலேயே தெரிந்தது, மாமிக்குச் சாமி ஏறியிருக்கிறது என்று.

"நேத்து உங்காத்துலேர்ந்து மேல போனேனா? போனதும் கேக்கறார், ஒரு ரவிக்கை வாங்கிண்டு வர இத்தனை நாழியான்னு. நாற்காலில உக்காந்துண்டு என்னைப் பாத்துண்டிருக்கார், சகினா! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மனுஷன் என்னைத் திரும்பிப் பாத்ததில்லை. இப்ப டிவில பாக்கறார்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமி சிரிக்கவில்லை.

"உனக்கும் அது தெரியணும்னு கேட்டியாமே. முடியாதுன்னுட்டாராமே."

"டெக்னிக்கலா முடியாதாம் மாமி."

"அதையும்தான் பாத்துடுவோமே. அந்த கேபிள்காரப் பையனைக் கூப்பிடு" என்றார் மாமி.

மதிவாணன் டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து இறங்கினான். முன் பிளாக்கின் கேபிள்காரனுக்கும் அவனுக்கும் ஏற்கெனவே தெருத் தகராறு; விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "இன்னாக்கா இது, ஒரு ஒயர் மேட்டரு. அவன் பெட்டிலருந்து ஒரு ஒயரு உன் வூட்டுக்கு. உன் வூட்ல கேசட் போடுற பழைய விசிஆர் ஒண்ணு வெச்சிர்றேன், அது அந்த ஒரு சேனலை மட்டும் புடிச்சிக்கும். நீ பாத்துக்கலாம்."

"எனக்கு மட்டும் வேணாம்டா. பின் பிளாக்ல எல்லா வீட்லயும் தெரியணும்."

"அப்ப விசிஆர்லருந்து இன்னொரு ஒயரு மேல போயி என் பெட்டில சேரணும். அவ்ளோதான். ஆனா மொட்டைமாடில குறுக்கால இழுத்தா அந்த சாரு பாத்து அறுத்துடுவாரே?"

மாமி அப்போதுதான் சொன்னார். "மடிக் கொடி இருக்கோன்னோ."

மொட்டைமாடியில் முன் படிக்கட்டிலிருந்து பின் படிக்கட்டு வரை மாமிக்கென்று ஒரு கொடி உண்டு. பூஜைக்குக் கட்டும் ஒன்பது கஜப் புடவை, மாமாவின் பஞ்சகச்சம் எல்லாம் அதில்தான் காயும். குளித்துவிட்டு ஈரத்தோடுதான் அதைத் தொடலாம். வேறு யார் கை பட்டாலும், மாமாவே குளிக்காமல் தொட்டாலும், மடி போயிற்று. எல்லாவற்றையும் மறுபடி நனைக்க வேண்டும். காற்றில் ஒரு புடவை பறந்து வந்து என் முகத்தில் விழுந்த போது நான் கையைத் தூக்கிக்கொண்டு சிலை மாதிரி நின்றிருக்கிறேன். முன் பிளாக்காரனின் கேபிள் பெட்டியும் அந்தக் கொடியைக் கட்டிய கம்பத்தில்தான் இருந்தது.

"கொடியோட சேர்த்துச் சுத்திடு. மேல நான் புடவையைப் போட்டுடறேன். ஒருத்தரும் தொட மாட்டா" என்றார் மாமி.

மதிவாணன் தயங்கினான். "மாமி, நான் தொட்டா?"

"இன்னிக்கு ஒரு நாள் தொடு. பகவான் என்னைக் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

பகல் பன்னிரண்டு மணி வெயிலில், செயலாளர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், கறுப்பு ஒயர் ஒன்று மாமியின் மடிக் கொடியைச் சுற்றிக்கொண்டு முன் பிளாக்கிலிருந்து பின் பிளாக்குக்கு வந்தது. அதன் மேல் அரக்குப் புடவை காய்ந்தது.

டிவியைத் திருப்பினேன். கேட் வந்தது. போயிற்று. என் வாசல் வந்தது.

ஸ்டூலை டிவி பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இவ்வளவு சின்ன வாசலா? கால்மிதி, செருப்பு, கதவில் நான் ஒட்டிய பிறை ஸ்டிக்கர், எல்லாம் வெளுத்துப் போய், போலீஸ் காட்டும் படம் மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பெண் பையோடு வந்தாள். அழைப்பு மணியை அழுத்தும் முன் திரும்பித் தூணைப் பார்த்தாள். தோளைக் குறுக்கிக்கொண்டாள். எங்கள் ஊர்ப் பெண், என்னிடம் ஆறு வருஷமாகத் தைக்கக் கொடுப்பவள், என் வாசலில் திருடி மாதிரி நின்றாள். நான் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

சனிக்கிழமை பாஞ்சாலி வாயெல்லாம் பல்லாக வந்தாள். "யக்கா! நம்ம ஏரியா டிவில பூரா இந்த பில்டிங்குதான்! நான் கேட்டாண்ட நின்னு வாட்ச்மேன்கிட்ட பேசிகினு இருந்தனா, எங்க மாமியாரு அங்கருந்து பாத்துட்டு, வேலைக்குப் போறேன்னு போயி இன்னாடி கதை அடிக்கிறேன்றா!"

மதிவாணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைச் சொறிந்தான். பின் பிளாக்கின் பெட்டி வழியாகத்தான் ஆற்றோரக் குடியிருப்புக்கே லைன் போகிறது. பெட்டியில் சேர்த்தால் அங்கேயும் தெரியும் என்பதை மறந்துவிட்டானாம். மறந்தானா, மறந்த மாதிரி இருந்தானா, அவனுக்கே வெளிச்சம்.

"தப்பாய்டுச்சுக்கா. கழட்டிடவா?"

ஒரு நிமிஷம் யோசித்தேன். என் வாசலைப் பார்த்தவர்கள் யாரும் என்னைக் கேட்கவில்லையே.

"இருக்கட்டும்" என்றேன்.

ஞாயிறு காலை கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டார்கள். கேட்டுக் கேமராவின் பார்வைக்கு நேராக. முன் பிளாக்காரர்கள் முன் வரிசை, நாங்கள் பின்னால். கரீமுல்லா என் பக்கத்தில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். கோமளம் மாமி முன் வரிசையில், நான் தைத்த மயில்கழுத்து ரவிக்கையில்.

ராஜகோபாலன் சார் எழுந்து பேசினார். பாதுகாப்பு, ஊர் நிலவரம், குடியிருப்பின் மரியாதை. பிறகு என் பக்கம் திரும்பினார். "கேமரால பாத்துண்டுதானே இருக்கேன். எத்தனை பேர், எத்தனை பை! நாளைக்கு ஏதாவது ஆனா யார் பொறுப்பு? நீங்களா?" என்று விரலை ஆட்டினார்.

நான் எழுந்தேன். முன் வரிசைக்கு நேராகக் கையை நீட்டினேன்.

"பையில என்ன இருக்குன்னு கேட்டீங்களே சார். முன் வரிசையைப் பாருங்க. பையில இருந்தது பூரா இவங்க மேலதான் இருக்கு. தீர்மானத்துக்கு எல்லாரும் கை தூக்குங்க. எந்தக் கையைத் தூக்கினாலும் அக்குள் தையல் என்னோடதுதான்."

முன் வரிசைப் பெண்கள் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றிக்கொண்டாள். செயலாளருக்கு முகம் சிவந்தது. இன்னும் கிட்டே வந்து, "உக்காருங்கோம்மா, உக்காருங்கோ!" என்று மறுபடி விரலை ஆட்டினார்.

கேட்டில் சத்தம் கேட்டது. பாஞ்சாலி முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஆற்றோரப் பெண்கள், ஒரு கூட்டமே. சிலர் கையில் ரவிக்கைப் பை. வாட்ச்மேன் தடுத்துப் பார்த்தார். அவர் சம்சாரமே கூட்டத்தில் இருந்ததால் விட்டுவிட்டார்.

"இன்னா சார், எங்க அக்காவாண்ட விரலை ஆட்டினு கீறீங்க?" என்றாள் பாஞ்சாலி. தினம் அவர் வீட்டைத் துடைப்பவள் அவரை அப்படிக் கேட்டதை அவர் அதுவரை கேட்டதில்லை.

"நீ எங்க வந்தே? இங்க நடக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

"டிவில பாத்துகினு இருந்தோம். சவுண்டு வர்ல. ஆனா இத்த இப்டி இப்டி ஆட்னீங்கல்ல, அது நல்லா தெரிஞ்சிச்சு." அவள் தன் விரலை அவரைப் போலவே ஆட்டிக் காட்டினாள். இடது தோளைக்கூட இறக்கிக்கொண்டாள்.

கூட்டம் கொந்தளித்தது. முன் பிளாக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். "நாம வரது போறது எல்லாம் குப்பம் வரைக்கும் தெரியறதா?" "என் பொண்ணு இந்த வழியாதான் காலேஜ் போறா!" "யாரைக் கேட்டு இப்படிப் பண்ணா?" ராஜகோபாலன் சார் என்னைப் பார்த்துக் கத்தினார்: "எங்க வாசலைக் கண்டவா பாக்கறதுக்கு யார் அனுமதி கொடுத்தா?"

"இதைத்தான் சார் நாலு மாசமா நான் உங்களைக் கேட்டேன்" என்றேன்.

நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

"ரெண்டு லைனையும் சேர்த்த ஒயரை எடுங்கோ" என்றார் அவர்.

"ஒயர் வந்து சேர்ற விசிஆர் என் வீட்டுக்குள்ள இருக்கு. நான் எடுக்க மாட்டேன். உள்ள யாரும் வரவும் முடியாது" என்றேன். என் வீட்டுக்காரர் தஸ்பீஹை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஆமா சார், வர முடியாது" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

செயலாளர் மொட்டைமாடிக்கு ஓடினார். நாங்களும் பின்னாலேயே ஏறினோம். அரக்குப் புடவைக்கும் பஞ்சகச்சத்துக்கும் நடுவே கறுப்பு ஒயர் சுற்றிச் சுற்றிப் போவதை அவர் கண்டுபிடித்துவிட்டார். கையை நீட்டினார்.

"தொடாதேள்" என்றார் கோமளம் மாமி. "மடி."

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பத்துப் பேரோடு தோளோடு தோள் உட்கார்ந்து எழுந்து வந்த மனிதர். பூஜைப் புடவை. அறுபது வருஷப் பழக்கம் அந்தக் கையை எப்படிப் பிடித்து நிறுத்தியது என்று நான் பார்த்தேன்.

"கோமளம், இது உன் வேலையா?"

"என் கொடி. என் வேலைதான்."

"குளிச்சுட்டு வந்து அறுக்கறேன்."

"டாங்க்ல சொட்டுத் தண்ணி இல்லை. லாரி சாயங்காலம்தான் வரும்." மாமி கட்டியிருந்த புடவையின் தலைப்புச் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டார். "ஏன்னா, எதுக்கு இத்தனை சிரமம்? ஒரே ஒரு ஸ்விட்ச்சை அணைச்சா எல்லாருக்கும் படம் நின்னுடும். கேமராவோட ஸ்விட்ச். அது உங்க கைலதானே இருக்கு?"

அவர் மாமியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற முன் பிளாக்காரர்களைப் பார்த்தார். அவர்களில் காலேஜ் பெண்ணின் அப்பா, "அணைங்கோ சார் முதல்ல" என்றார். கீழேயிருந்து பாஞ்சாலியின் சிரிப்புச் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

அவர் இறங்கிப் போய் ஸ்விட்ச்சை அணைத்தார். தூணில் இருந்த சின்னச் சிவப்பு விளக்கு அவிந்தது. தீர்மானத்தைப் பற்றி யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. அவரும் நாற்காலியை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

நான் என் கதவை விரியத் திறந்து வைத்து மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். ஆற்றோரப் பெண்கள் பையோடு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தியும் தூணைப் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் கோமளம் மாமியும் கையில் பையோடு படியிறங்கி, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி நேராக உள்ளே வந்தார்.

"சகினா, சரஸ்வதி பூஜைக்குள்ள இது வேணும். முதல்ல என்னோடதைப் பாரு."

இன்றைக்கு அவர் எனக்குச் செய்தது சின்ன உதவி இல்லை. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வாசலில் பாஞ்சாலி எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, பாஞ்சாலி முன்னாடி வந்தா. வரிசைல உக்காருங்க" என்றேன்.

மாமி கையிலிருந்த பையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு பாஞ்சாலிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கச் சொல்லி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் வாசற்படியில் உட்கார்ந்தார்.